தளரக் கட்டினால் தானாக வரும் தூக்கம்

கடந்த மாதம் காலை நிகழ்ச்சியில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னேன்: "வார இறுதியில் உலு லங்காட் பக்கம் போயிருந்தோம். நானே தைத்த ஹேமக்கில் படுத்துத் தூங்கிவிட்டு வந்தேன்." அவ்வளவுதான். அடுத்த பாட்டு முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வரிசை கட்டிவிட்டன. "நல்லா இருந்துச்சா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வந்ததெல்லாம் புகார்.

"அக்கா, நானும் ஒண்ணு கட்டினேன். காலையில முதுகு வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு போச்சு."

"ரெண்டு தோளையும் போட்டு நெருக்குது, மூச்சு முட்டுது."

"முட்டிக்குப் பின்னாடி ஒரே வலி."

"கீழ இருந்து குளிருது அக்கா. நம்ம ஊர்ல குளிரா? வீட்ல சொன்னா சிரிக்கிறாங்க."

"வலை போட்டும் கொசு கடிக்குது. எந்த வழியா வருதுன்னே தெரியல."

சொந்தமாக ஹேமக் தைத்துப் படுப்பவர்களின் துன்பம் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். ஐந்துக்கும் காரணம் உண்டு, தீர்வும் உண்டு. பாதிக்கு மேல் காசே செலவாகாத தீர்வு. நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுக்கு நடுவே கிடைக்கும் 40 வினாடியில் அதையெல்லாம் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அப்பாவுக்காகத் தொடங்கியது

காலை நிகழ்ச்சி செய்பவள் நான். விடியற்காலை நான்கு மணிக்கு எழும் எனக்குத் தூக்கம்தான் மூலதனம். ஆனாலும் இந்தத் தையல் வேலையை நான் தொடங்கியது எனக்காக அல்ல, அப்பாவுக்காக.

அப்பாவுக்கு வயது 68. கோல சிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். காடு, ஆறு என்றால் உயிர். ஆனால் முட்டி தேய்ந்துவிட்டது. கூடாரத்தில் தரையில் படுத்தால், எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அதனால் நாங்கள் முகாமுக்குக் கிளம்பும்போதெல்லாம், "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்பார். வீட்டை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நள்ளிரவில் கழிவறைக்குப் போக மகளையோ மருமகனையோ எழுப்ப அவருக்கு மனமில்லை.

ஹேமக்கை நாற்காலி உயரத்தில் கட்டினால் எழுவது சுலபம். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அப்படியே நின்றுவிடலாம். இதுதான் கணக்கு. அம்மாவின் பழைய சிங்கர் தையல் இயந்திரத்தைத் தூசி தட்டி எடுத்தேன்.

துணியும் தையலும்

தையல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தலையணை உறை தைக்கத் தெரிந்தவர் ஹேமக்கும் தைக்கலாம். ரிப்ஸ்டாப் நைலான் துணி 3.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் போதும். நீளவாட்டில் இரு ஓரத்தையும் இரண்டாக மடித்துத் தைக்க வேண்டும். இரு முனைகளிலும் பாவாடைக்கு நாடா கோப்பதற்கு விடுவதுபோல் அகலமான மடிப்பு விட்டு, மூன்று நான்கு வரிசை தையல் போட வேண்டும். அந்த மடிப்புக்குள் உறுதியான கயிற்றைக் கோத்துச் சுருக்கி இறுக்கினால் ஹேமக் தயார். முடிந்த நீளம் சுமார் 3.3 மீட்டர் வரும். பருத்தி நூல் வேண்டாம், பாலியெஸ்டர் நூல் வையுங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய சாரோங், படுக்கை விரிப்பு ஆகியவற்றில் தைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். நைந்த பருத்தி எப்போது கிழியும் என்று சொல்ல முடியாது. காட்டு ஈரத்தில் நனைந்தால் காயவும் காயாது. இழுத்தால் நீளும் துணியும் கூடாது. இரவு பத்து மணிக்கு நாற்காலி உயரத்தில் இருந்த நீங்கள் அதிகாலையில் தரையில் இருப்பீர்கள்.

நீளத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஹேமக் பல 2.5, 2.7 மீட்டர்தான் இருக்கும். உட்கார்ந்து ஆட அது போதும், இரவு முழுக்கத் தூங்கப் போதாது. முதுகு, தோள், முட்டி மூன்றின் வலிக்கும் குட்டையான துணி ஒரு பொதுக் காரணம்.

முதுகு வளைகிறதா? தளர்த்துங்கள்

ஹேமக் வளைகிறது என்றதும் எல்லாருக்கும் தோன்றும் வைத்தியம், இன்னும் இழுத்துக் கட்டுவது. என் மச்சான் ஒரு முறை இரண்டு பேரை வைத்து இழுத்து, வீணைக் கம்பி போல முறுக்கிக் கட்டினார். தட்டினால் சத்தம் வந்தது. படுத்ததும் துணியின் இரு ஓரமும் சுவர் போல எழுந்து அவரை நெருக்கின. முதுகோ முன்பைவிட மோசம். கூடவே திரும்பிப் படுத்தால் கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் வேறு.

இழுத்துக் கட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் படுத்திருக்கும்போது, கட்டிய நாடா கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 70 கிலோ இழுவை விழும். சரிவு 10 பாகையாகக் குறைந்தால் அது ஏறத்தாழ 200 கிலோ. 5 பாகை என்றால் 400 கிலோ! அதே ஆள், அதே எடை. ஆனால் நாடாவும் தையலும் மரமும் தாங்க வேண்டிய சுமை பல மடங்கு. நடு இரவில் அறுந்து விழும் ஹேமக்குகளில் பல இப்படி முறுக்கிக் கட்டியவைதான்.

ஆகவே 30 பாகை. அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் துப்பாக்கி காட்டுவதுபோல் ஆள்காட்டி விரலை நேராகவும் கட்டை விரலை மேலாகவும் நீட்டுங்கள். ஆள்காட்டி விரல் தரைக்கு இணையாக இருக்கட்டும். இரு விரல் நுனிகளையும் தொட்டபடி நாடா போனால் அது ஏறத்தாழ 30 பாகை.

ஒவ்வொரு முறையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றால், ஹேமக்கின் இரு முனைகளையும் இணைத்து மேலே ஒரு மெல்லிய உறுதியான கயிறு கட்டிவிடுங்கள். அதன் நீளம் ஹேமக்கின் நீளத்தில் 83 விழுக்காடு இருந்தால் நல்லது. 3.3 மீட்டர் ஹேமக்குக்குச் சுமார் 2.75 மீட்டர். மரங்கள் கிட்ட இருந்தாலும் எட்ட இருந்தாலும் ஹேமக்கின் தொய்வை இந்த மேல்கயிறு மாறாமல் காப்பாற்றும். நீங்கள் படுத்திருக்கும்போது இரண்டு விரலால் அதைக் கொஞ்சம் வளைக்க முடிய வேண்டும். இரும்புக் கம்பி போல விறைத்திருந்தால் இன்னும் தளர்த்துங்கள். கொசுவலை, கைவிளக்கு, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் இதிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

தோள் நெருக்குகிறதா? குறுக்கே படுங்கள்

ஹேமக் என்ற சொல்லும் பொருளும் கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து உலகுக்கு வந்தவை. 1492-இல் அங்கே போய் இறங்கிய கொலம்பஸின் ஆட்கள் அதைப் பார்த்து வியந்தார்கள். பிற்பாடு ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளின் படுக்கையே அதுவாயிற்று. மெக்சிகோவின் யுகாதான் பகுதியில் இன்றும் கட்டிலுக்குப் பதில் ஹேமக்கில் தூங்கும் குடும்பங்கள் நிறைய. வருடம் முழுக்க அதில் படுக்கும் அவர்கள் நேராகப் படுப்பதில்லை, குறுக்கே படுப்பார்கள்.

சூட்சுமம் அங்கேதான். தளர்வாகக் கட்டிய ஹேமக்கில் நடுக்கோட்டில் நேராகப் படுத்தால் உடல் வில்லாக வளையும். தலையைக் கொஞ்சம் இடப்பக்கமும் காலை நன்றாக வலப்பக்கமும் நகர்த்துங்கள். துணி அகலவாட்டில் விரியும். முதுகு ஏறத்தாழ நேராகும். தோளை நெருக்கிய துணி விலகிக்கொடுக்கும். இடமா வலமா என்பது பழக்கம்தான், எதிர்ப்பக்கம் வசதி என்றால் அப்படியே படுங்கள். குறுக்கே படுக்க இடம் வேண்டும் என்பதற்குத்தான் நீளமும் தளர்வும்.

குறுக்கே படுத்தால் மறுபக்கத்துத் துணி தொய்ந்து முகத்தில் விழும். அந்த ஓரத்தில் ஒரு சிறு வளையம் தைத்து, எலாஸ்டிக் கயிற்றால் வெளிப்பக்கம் இழுத்துத் தரையில் முளை அடித்துவிட்டால் முகம் காற்றோட்டமாக இருக்கும். ஹேமக் ரொம்ப ஆடுகிறது, தலை சுற்றுகிறது என்பவர்களுக்கும் இதே கயிறு மருந்து.

தலையணை பெரிதாக வேண்டாம். ஹேமக்கே தலையைத் தூக்கித் தரும். கழுத்தின் பள்ளத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் போதும்.

முட்டி வலிக்கிறதா? கால்பக்கத்தை உயர்த்துங்கள்

ஹேமக்கில் குதிகால் மேலேயும் முட்டி கீழேயும் போய், முட்டி பின்பக்கமாக விறைத்து நிற்கும். ஐந்து நிமிடத்தில் தெரியாது, மூன்று மணிக்கு எழுப்பிவிடும். முட்டிக்கு அடியில் சின்னத் தலையணையோ, மாற்றுடை அடைத்த பையோ வையுங்கள். முட்டி லேசாக மடங்கினால் வலி போய்விடும். அப்பாவின் முட்டிக்கு ஒரு கைலியை மடித்து வைத்தோம். காசில்லாத வைத்தியம்.

தூக்கத்தில் கால்பக்கமாகச் சறுக்கிப் போய் நடுப்பள்ளத்தில் கிடப்பவர்கள், கால்பக்க நாடாவைத் தலைப்பக்கத்தைவிட ஒரு சாண் உயரத்தில் கட்டிப் பாருங்கள். உடலில் கனமான பகுதி இடுப்புக்கு மேலே இருப்பதால், கால்பக்கம் சற்று உயர்ந்திருந்தால்தான் படுத்த இடத்திலேயே இருப்போம்.

கீழே குளிர்கிறதா? காற்றைத் தடுங்கள்

நம்ம ஊரில் குளிரா என்று சிரிப்பவர்கள் ஹேமக்கில் ஓர் இரவு படுத்துப் பார்க்க வேண்டும். ஆற்றோரக் காட்டில் விடியற்காலை 22, 23 பாகை செல்சியஸ் சாதாரணம். கேமரன் மலையில் 15, 16 வரை இறங்கும். தரையில் படுத்தால் அடியில் காற்று போகாது. ஹேமக்கில் உங்கள் முதுகுக்கும் காற்றுக்கும் நடுவே ஒரே ஒரு மெல்லிய துணிதான். காற்று வீச வீச உடல் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும்.

தூக்கப் பை இருக்கிறதே என்பீர்கள். அதற்குள் இருக்கும் பஞ்சு சூட்டைத் தானாக உண்டாக்குவதில்லை. பஞ்சுக்கு நடுவே தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. உங்கள் எடையில் பஞ்சு நசுங்கினால் அந்தக் காற்று போய்விடும். மேலே கதகதப்பு, கீழே குளிர் என்று ஆகிவிடும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, ஹேமக்குக்குள் நுரைப்பாய் போடுவது. அது நழுவாமல் இருக்க, தைக்கும்போதே இன்னொரு அடுக்குத் துணி வைத்து, இரண்டுக்கும் நடுவில் பாயைச் செருகிவிடலாம். காருக்குள் வெயில் படாமல் முன்கண்ணாடியில் வைப்போமே, வெள்ளி நிற மறைப்பு, அதுகூட ஓர் இரவுக்கு உதவும். கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி இன்னும் சுகம். பழைய கம்ஃபர்ட்டரையோ மெல்லிய தோத்தோவையோ ஹேமக்குக்கு வெளியே, அடியில், எலாஸ்டிக் கயிற்றால் தொங்கவிடுவது. அது நசுங்காது, பஞ்சு உப்பியபடியே இருக்கும். இடைவெளி இல்லாமல் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் அந்த வழியே காற்று புகுந்துவிடும்.

வலை போட்டும் கொசுவா? அடியைப் பாருங்கள்

கொசு வலைக்குள் வரவில்லை. கீழிருந்து துணி வழியாகவே கடிக்கிறது. உடலோடு ஒட்டியிருக்கும் மெல்லிய நைலானைக் கொசு சுலபமாகத் துளைத்துவிடும். மேலே மட்டும் மூடும் வலைக்கு இது பிடிபடாது. இரண்டடுக்குத் துணியும் நடுவில் பாயும், அல்லது அடியில் தொங்கும் தோத்தோ இருந்தால் குளிரோடு இந்தத் தொல்லையும் தீரும். வெக்கையான தாழ்நிலத்தில் அதெல்லாம் புழுக்கம் என்றால், ஹேமக்கைச் சுற்றிலும் அடியிலும் மூடும் குழாய் வடிவ வலை தைத்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் அரிப்புத் தொல்லை மட்டும் அல்ல. டெங்கி நமக்குத் தெரிந்ததே. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் 2018 முதல் பதிவாகவில்லை என்றாலும், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகை மலேரியா நம் காடுகளில் இன்னும் இருக்கிறது. காட்டுக்குப் போய் வந்தபின் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் போன இடத்தைச் சொல்லுங்கள்.

மழைக்கு ஒரு நூல்

நம் நாட்டில் மழையை நம்பி முகாம் போட முடியாது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் தார்ப்பாயைச் சதுரமாகக் கட்டினால் ஹேமக்கின் இரு முனைக்கும் அப்பால் அதிக இடம் மிஞ்சாது, சாரலில் நனையலாம். மூலைக்கு மூலை கட்டுங்கள். மூலைவிட்டம் 4.2 மீட்டர் வரும், போதும்.

தார்ப்பாய் சரியாக இருந்தும் சிலர் நனைந்து எழுவார்கள். மரத்தில் வழியும் நீர் நாடா வழியே ஊர்ந்து ஹேமக்குக்குள் வந்துவிடும். தார்ப்பாய்க்கு உட்பக்கமாக, நாடாவில் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீர் அந்த நூலைப் பிடித்துக் கீழே சொட்டிவிடும். நைலான் நாடா நனைந்தால் நீளும். லாரியில் சரக்கு கட்டும் பாலியெஸ்டர் பட்டை அவ்வளவு நீளாது.

மரத்தைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்

அப்பா முதல் முறை எங்களோடு உலு லங்காட் வந்தபோது நான் நாடாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மரத்தைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். மேலே பார்த்தார். "காஞ்ச கிளை இருக்கு, வேற மரம் பாரும்மா" என்றார்.

ஹேமக் கட்ட உயிருள்ள, தொடைப் பருமனுக்குக் குறையாத மரம் வேண்டும். கரையான் அரித்ததோ, பொந்து விழுந்ததோ கூடாது. தலைக்கு மேல் காய்ந்த கிளை கூடவே கூடாது. தென்னைக்கும் டுரியானுக்கும் அடியில் கட்டுவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. டுரியான் நள்ளிரவில்தான் விழும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

மெல்லிய கயிற்றை மரத்தில் நேராகச் சுற்ற அப்பா விடவில்லை. சின்ன வயதில் தாத்தாவோடு பால்வெட்டுக்குப் போனவர் அவர். "பட்டையிலதான் மரத்தோட உயிர் இருக்கு. காயம் ஆழமாப் போனா அந்த இடத்துல பட்டை ஒழுங்கா வராது" என்றார். குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பட்டை போட்டால் மரத்துக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

மரங்களுக்கு நடுவே நான்கிலிருந்து ஐந்து மீட்டர் இடைவெளி வசதி. பட்டையைச் சுமார் 1.8 மீட்டர் உயரத்தில் கட்டினால், உட்காரும்போது நாற்காலி உயரம், அதாவது சுமார் 45 சென்டிமீட்டர் வரும். அதற்கு மேல் உயர்த்தாதீர்கள். விழுந்தாலும் எழுந்து சிரிக்கிற உயரமாக இருக்கட்டும். ஆற்றை ஒட்டிக் கட்டாதீர்கள். மலையில் பெய்யும் மழை, கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே 'கெப்பாலா ஆயர்' எனும் திடீர் வெள்ளமாக வந்துவிடும். மரத்தில் கட்டலாமா என்று முகாம் நடத்துபவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று இரவு அப்பா எப்படித் தூங்கினார் என்று காலையில் கேட்டேன். "நாலு மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்ட்டு வந்து படுத்தேன். நீங்க எல்லாம் நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க" என்றார். யாரையும் எழுப்பாமல், யார் கையையும் பிடிக்காமல் எழுந்து போய் வந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது, தைத்த நாலு நாள் முதுகுவலி எனக்குப் பறந்துவிட்டது.

முதல் இரவு வீட்டிலேயே

புதிதாகத் தைத்த ஹேமக்கோடு நேராகக் காட்டுக்குப் போகாதீர்கள். வீட்டுப் பக்கத்தில் நல்ல மரங்கள் இருந்தால் அங்கே கட்டி, உங்கள் எடைக்கும் கூடுதலாக அரிசி மூட்டைகளை ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். தையலும் முடிச்சும் அசையவில்லை என்றால் மெல்ல நீங்கள் உட்காருங்கள். கார் நிறுத்துமிடத்துத் தூண்களில் கட்ட வேண்டாம். அவை பக்கவாட்டு இழுவையைத் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல.

பிறகு ஓர் இரவு படுத்துப் பாருங்கள். வலித்தால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். முதலில் தளர்த்துங்கள். அடுத்து குறுக்கே படுங்கள். அதற்கும் அடுத்து கால்பக்கத்தை ஒரு சாண் உயர்த்துங்கள். கடைசியாக முட்டிக்கு அணை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுத்தால் எது உங்கள் உடம்புக்குச் சரி என்று உடம்பே சொல்லிவிடும். வீட்டு வாசலில் இதைச் சரிபார்த்துக்கொண்டவர்களுக்குக் காட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தவளைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடுவது.

உங்கள் வீட்டிலும் "நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லும் ஒருவர் இருக்கலாம். அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன் 3.5 மீட்டர் துணி வாங்குங்கள்.